ஓரம் கரைந்த மைத்துனர்

என் மைத்துனர் இறந்துவிட்ட செய்தி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சம்மந்தி வீட்டிலிருந்து தொலைபேசியில் வந்தது. அவரைச் சாகடித்தது நான்தான் என்று தெரிய இன்னும் பத்து நிமிடம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்துக்காரர்கள், மண்டபமும் அங்கேதான். நாங்கள் விழுப்புரம். நான் பல் துலக்கிவிட்டு, கல்யாணத்துக்காக எழுதி வைத்திருந்த பட்டியலில் அன்றைய வேலைகளுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சம்மந்தி, ஒரு வார்த்த சொல்லலியேங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எதைங்க?"

"உங்க மச்சான் போயிட்டாராமே."

"எங்க போயிட்டாரு?"

"அதாங்க, தவறிட்டாராமே. மண்டபத்து வாசல்ல நீங்க வெச்ச பேனர்லயே போட்டிருக்கீங்களே. விடிஞ்சதுலேந்து ஊரே அவரு வீட்டுக்கு மாலை எடுத்துக்கினு போயிக்கினு இருக்குது."

"பேனர்ல அப்படி ஒரு எழுத்துகூட இல்லைங்க. நான் மூணு முறை சரிபார்த்தேன்."

"எழுத்து எதுக்குங்க? படமே சொல்லுதே."

அவர் மேலும் சொன்னார். பெண்ணின் தாய்மாமன் செத்து மூன்றாம் நாள் எப்படித் தாலி கட்டுவது என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்களாம். கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்கிறார்களாம். நான் உரத்த குரலில், அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன்.

"பாத்தீங்களா?" என்று கேட்டார் சம்மந்தி. "கடைசியா எப்பப் பாத்தீங்க?"

நான் அவரைக் கடைசியாகப் பார்த்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ பேருக்கு வாரிசுச் சான்று தயாரித்திருக்கிறேன். இறப்புச் சான்று, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் எதுவும் இல்லாமல் ஒருவரை இறந்தவராகக் கருதியதே இல்லை. அதே நியாயத்தில், ஆதாரம் இல்லாமல் ஒருவரை உயிரோடு இருப்பவராகக் கருதவும் எனக்கு அதிகாரம் இல்லை என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

பேனரை வடிவமைத்தது நான். அது எப்படி என் கைக்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எனக்கு யாரும் எந்தக் கோப்பும் அனுப்பவில்லை. மகளின் பழைய மடிக்கணினியில் படம் திருத்தும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் உதவிப் பக்கங்களை அரசாணை படிப்பதுபோலப் படித்தேன், உட்பிரிவு, விதிவிலக்கு, அடிக்குறிப்பு சகிதம். ஆறு மாதத்தில் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

படத்தில் ஒரு ஆளை மட்டும் தனியாக எடுக்க வேண்டுமானால் முதலில் அவரைச் சுற்றி எல்லை போட வேண்டும். அதற்குச் செலக்‌ஷன் என்று பெயர். என்னைப் பொறுத்தவரை அது நில அளவை. கோட்டுக்கு உள்ளே இருப்பது ஆளுக்குச் சொந்தம், வெளியே இருப்பது அடுத்தவருக்கு. ஆனால் மனிதத் தலை சர்வே எண் அல்ல. முடி எங்கே முடிகிறது என்று கல் நட முடியாது. நட்டால் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். அதற்காக ஃபெதர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் இத்தனை பிக்சல் என்று எண் கொடுத்தால், அந்த அகலத்துக்குள் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பின்னணியோடு கலந்துவிடும். மாஸ்க் அதைவிட நாகரிகமானது. அது எதையும் வெட்டாது, மறைத்து மட்டும் வைக்கும். வெள்ளை பூசிய இடம் தெரியும். கறுப்பு பூசிய இடம் மறையும். சாம்பல் பூசிய இடம் பாதி தெரியும். ஒன்றை ஏற்காமலும் நிராகரிக்காமலும் நடுவில் வைத்திருக்கும் இந்த வசதியைக் கண்டு நான் வியக்கவில்லை. அலுவலகத்தில் அதைத் தினமும் செய்துவந்தோம்.

விழுப்புரத்தில் பேருந்து நிலையத்திலிருந்து என் வீடு வரைக்கும் உள்ள பேனர்களை அதற்கு முன் நான் வெறுத்தேன். கற்றுக்கொண்ட பிறகு பழித்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் எதுவானாலும், அதில் இருக்கும் மனிதர்களின் காது பாதி வெட்டுப்பட்டிருக்கும். தலையைச் சுற்றி விரல் தடிமனில் வெள்ளைக் கோடு ஓடும். ஒவ்வொருவரும் அட்டையில் அடித்த பொம்மைபோல் நிற்பார்கள். என் மகள் கல்யாணத்துக்கு அப்படி ஒன்று வரக்கூடாது, நானே செய்வேன் என்றேன். யாரும் எதிர்க்கவில்லை. வீட்டில் நான் எதையாவது செய்துகொண்டிருப்பது எல்லாருக்கும் நிம்மதி.

பேனர் வைப்பதற்கான நடைமுறையும் எனக்குத் தெரியும். திண்டிவனம் நகராட்சிக்கு விண்ணப்பம் கொடுத்தேன். காவல் நிலையத்தில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கினேன். இட வரைபடம் இணைத்தேன். அனுமதி எண்ணைப் பேனரின் கீழ் ஓரத்தில் அச்சிட்டேன். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த எழுத்தரே, இப்படி யாரும் கேட்டு வந்ததில்லை என்று ஒரு மாதிரிப் பார்த்தார்.

இனி மைத்துனர். அவர் என் மனைவியின் தம்பி. திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு மினி வேன் வைத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுபவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் திண்டிவனம் அலுவலகத்தில் இருந்தபோது, தன் நிலத்துக்குப் பட்டா மாற்றம் கேட்டு மனு கொடுத்தார். அதில் குறை இருந்தது. திருப்பி அனுப்பினேன். மறுபடி கொடுத்தார், வேறொரு குறை இருந்தது. மூன்றாம் முறை கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. உறவினர் என்பதால் கூடுதல் கவனத்தோடு இருந்தேன். மூன்றாம் முறை திரும்பி வந்த தாளை வாங்கிக்கொண்டு போனவர், அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என்னிடம் மட்டுமல்ல, அக்காவிடமும் பேச்சில்லை. அவள் தூக்கி வளர்த்த தம்பி. தீபாவளிக்கு அவள் போன் செய்வாள், அடித்து ஓயும். அடுத்த தீபாவளிக்கும் செய்வாள்.

தாய்மாமன் மாலை எடுத்து வராமல் எங்கள் வீட்டுப் பெண் மணவறை ஏறியதில்லை. அதற்காக என் மனைவி சென்ற மாதம் தாம்பூலத் தட்டோடு தனியாகப் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். வாசலிலேயே நிற்க வைத்துத் தட்டை வாங்கிக்கொண்ட தம்பி, "பாக்கலாம்க்கா," என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். அந்தப் 'பாக்கலாம்' கல்யாணத்தன்று என்னவாகும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை. மண்டபம், சாப்பாடு, நகை எதைப் பற்றியும் அவள் கேட்டதில்லை.

நானும் என்னால் ஆனதைச் செய்ய நினைத்தேன். பேனரில் மைத்துனருக்கு முதல் மரியாதை கொடுப்பது என்று முடிவெடுத்தேன். மணமக்களுக்கு மேலே, வலது மூலையில், அவர் மட்டும் தனியாக. மற்ற உறவினர்கள் கீழ் வரிசையில். அவருடைய படம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. மகளின் மஞ்சள் நீராட்டில் எடுத்த குடும்பப் படம். அதில் அவர் தலை ஒரு ரூபாய் நாணயம் அளவு. தோளோடு தோளாக என் மனைவி நிற்கிறாள். எல்லை போட்டு, ஃபெதர் ஐந்து பிக்சல் கொடுத்தேன். சரியாக இருந்தது. பிறகு அவரைப் பெரிதாக்கினேன், எட்டு மடங்கு. படம் பெரிதானால் ஓரக் கரைவும் அதே அளவு பெரிதாகும் என்பது உதவிப் பக்கத்தில் அடிக்குறிப்பாக இருந்ததை நான் பிறகு கண்டுபிடித்தேன். போதாததற்கு, ஓரத்தில் என் மனைவியின் புடவைத் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை மறைக்க மாஸ்கில் மெத்தென்ற தூரிகையால் சாம்பல் பூசினேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் நன்றாக இல்லை என்று மறுபக்கமும் பூசினேன். பின்னணிக்கு இளநீலம் கொடுத்திருந்தேன். மைத்துனர் அந்த நீலத்திலிருந்து மெதுவாக உருவாகி வருவதுபோல், மீசையில் ஒரு சிரிப்போடு, அவ்வளவு அழகாக இருந்தார். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அது என்று நினைத்தேன்.

செல்போனில் மனைவிக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "நல்லாருக்குது. போடுங்க," என்றாள்.

விழுப்புரத்தில் அச்சுக் கடையில் கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கோப்பைத் திறந்தவள் திரையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சார், மேல இருக்கறவரு பேருக்கு முன்னாடி எதுவும் போட வேணாமா?" என்றாள். பட்டம், அடைமொழி எல்லாம் எனக்குப் பிடிக்காது. "ஆடம்பரம் எதுவும் வேண்டாம்மா. வெறும் பேர் போதும்," என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார்," என்றாள். குரல் கம்மியிருந்தது. என் ரசனைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மாலை பேனர் மண்டபத்து வாசலில் ஏறியது.

சம்மந்தி போனை வைத்ததும் நான் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டேன்.

"சார், உயிரோட இருக்கறவங்கள நல்லா ஷார்ப்பா வெட்டி, சுத்தி வெள்ளக்கோடு போடுவோம்," என்றாள். "எறந்தவங்களத்தான் மேல வெச்சு ஓரத்தப் பொகையாட்டம் விடுவோம். எல்லாக் கடையிலயும் அப்டித்தான் சார்."

"இது எங்கே எழுதியிருக்கும்மா?"

"எங்கயும் எழுதல சார். பாத்தா தெரியும்."

"அப்போ அன்னிக்கே நேரா கேட்டிருக்கலாமே."

"எப்டி சார் கேக்கறது, செத்துட்டாரான்னு? பேரு முன்னாடி தெய்வத்திரு போடணுமான்னுதான் சுத்தி வளச்சுக் கேட்டேன். நீங்க வேணாம்னீங்க. எனக்கே அழுவ வந்துடுச்சு. அவரு மேல உங்களுக்கு எவ்ளோ பாசம் இருந்தா இத்தினி மெத்துன்னு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன். வாசலில் இறங்கி எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பிளக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். கீழே பன்னிரண்டு பேர், வெள்ளைக் கோட்டோடு, காது வெட்டுப்பட்டு, உயிரோடு. மேலே மூலையில் புகை போன்ற ஓரத்துக்குள் ஒரு முதியவரும் முதியவளும். அடுத்த தெருவில் ஒரு கடைத் திறப்பு. மேலே புகையில் ஒருவர். இத்தனை ஆண்டுகள் ஒவ்வொரு பேனரையும் நின்று குறை சொன்னவன், மேல் வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் செத்தவர்கள் என்பதைக் கவனிக்கவே இல்லை. ஊரில் இதைப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

மனைவியிடம் சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "மணி என்னா? எட்டேகால் பஸ்ஸ புடிச்சிடலாம்," என்றாள். இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டாள். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று நினைத்தேன். நான் மடிக்கணினியையும் அனுமதிக் கோப்பையும் எடுத்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றுவிட்டது. குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு விளக்கம் எழுதுவதுபோல் நான் மனசுக்குள் வரிவரியாகத் தயாரித்துக்கொண்டிருந்தேன். "மூலப் படத்துல அஞ்சு பிக்சல். அது பெரிசானதும் நாப்பது. இதுல உள்நோக்கம் எதுவும்..." என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்போல.

"அவங்கிட்ட போய் பிக்சலு கிக்சலுன்னு பேசாதீங்க," என்றாள் மனைவி, சன்னல் பக்கம் பார்த்தபடி. "அடிச்சிடுவான்."

மைத்துனர் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கியிருந்தன. ஷாமியானா போடும் ஆள் ஒருவர் கயிறு வைத்து அகலம் அளந்துகொண்டிருந்தார். குழாயடியில் மாலைகள் குவிந்து கிடந்தன. வீட்டு வாசலில், லுங்கியும் தோளில் துண்டுமாக, என் மைத்துனர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, நான்தான் பேசறேன். இல்லீங்க, உயிரோடதான். இல்லீங்க, நீங்க வர வேணாம்."

அவர் மனைவி கதவோரம் நின்றார். எங்களைப் பார்த்தும் "வாங்க" என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் வந்தவர்களை வாங்க என்று அழைக்கக் கூடாது. அந்த வழக்கத்தால் சொல்லவில்லையா, கோபத்தால் சொல்லவில்லையா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

"வந்துட்டீங்களா மாமா," என்றார் மைத்துனர். எழுந்திருக்கவில்லை. "கிட்ட வந்து பாத்துட்டுப் போங்க. பாடி இன்னும் சூடாத்தான் இருக்குது."

"மச்சான், தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாமயா? நீங்களா?" அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. "ஒரு கையெழுத்து கோட்டுக்கு வெளில போச்சுன்னு என் பேப்பரத் திருப்பி அனுப்பன ஆளு நீங்க. பேனர் வெக்க பர்மிசன் வாங்கி, அந்த நம்பரக் கீழ போட்டிருக்கீங்க. இந்த ஜில்லாவுல எந்தப் பேனர்லயாச்சும் அந்த நம்பரு இருக்குதா? அவ்ளோ பாத்துப் பாத்துப் பண்ணவரு, ஒரு மனுசனச் சாவடிச்சது மட்டும் தெரியாமப் பண்ணீங்களா? போங்க மாமா."

முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நற்பெயர் எதிரே நின்று எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

"தல முழுகிட்டீங்க. சரி. அத வீட்டுக்குள்ள முழுகக் கூடாதா? மண்டபத்து வாசல்ல, பத்துக்கு எட்டுல போடணுமா? காலைல டீ குடிக்கப் போறேன், டீக்கடக்காரன் என்னைப் பாத்து கிளாஸக் கீழ போட்டுட்டான். ஐஸ் பொட்டிக்காரனுங்க ரெண்டு பேரு வந்துட்டானுங்க. யாரு பொட்டி வெக்கறதுன்னு அவனுங்களுக்குள்ள சண்ட. பேஜாராப் போச்சு மாமா. ஒருத்தன் அழுதுக்கினே வந்து என்னைப் பாத்துட்டு, வேலயக் கெடுத்துட்டு வந்தேன்னு என்னையே திட்டிட்டுப் போறான்."

வேறு வழி தெரியாமல் அச்சுக் கடைப் பெண்ணைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

"அண்ணா, சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணா," என்றாள் அவள். தெருவே கேட்டது. "தெரிஞ்சவங்க யாரும் அப்டிப் பண்ண மாட்டாங்க. சின்னப் படத்துல பெதர் போட்டுட்டு அப்பறமா இழுத்திருக்காரு. மொதல்ல இழுக்கணும், அப்பறந்தான் பெதர். எங்ககிட்ட வேலைக்கு வர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுக்கறதுண்ணா இது."

ஷாமியானா ஆள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என் திறமையின்மைக்கு இவ்வளவு தெளிவான சான்று எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. நான் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டேன். வேலை பார்த்த காலத்தில் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதில்லை. "எனக்குத் தெரியலை மச்சான்," என்று இப்போது இரண்டு முறை சொன்னேன்.

மைத்துனரின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் உடனே அக்கா பக்கம் திரும்பினார்.

"சரி, மாமாவுக்குத் தெரியாது. நீ பாத்தியா இல்லியா? எத்தினி பேனர் பாத்திருப்ப. உனக்குமா தெரியாது?"

நான் குறுக்கே புகுந்து, "அவ போன்லதான் பார்த்தா, சின்னதா," என்று ஆரம்பித்தேன்.

"தெரிஞ்சிது," என்றாள் என் மனைவி. "பாத்த ஒடனே தெரிஞ்சிது. தெரிஞ்சுதான் போடுங்கன்னேன்."

ஷாமியானாக் கயிறு பிடித்தவர் அப்படியே நின்றார். முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருக்கிறோம். உப்பு கூடினால் முகம் சுளிக்கும் முன்பே கண்டுபிடிப்பேன். இதைக் கண்டுபிடிக்கவில்லை.

"அக்கா," என்றார் மைத்துனர்.

"என்னாடா அக்கா? தட்டு எடுத்துக்கினு வந்து இதே வாசல்ல நின்னேன். பாக்கலாம்க்கான்ன. உன் பாக்கலாம் எனக்குத் தெரியாதா? வந்திருக்க மாட்ட. கல்யாணத்துக்குக் கூப்ட்டா வராத ஆளு, சண்டைன்னா செருப்புகூடப் போடாம ஓடியாருவ. சின்னப் புள்ளையிலேந்து அப்டித்தான். நேத்தே பாத்துட்டு நேரா விழுப்புரம் வருவ, இவரு சட்டையப் புடிப்ப, அப்ப புடிச்சி உக்கார வெச்சிக்கலாம்னு பாத்தேன். நீ இன்னாடான்னா தோள்ல துண்டப் போட்டுக்கினு, குந்திக்கினு, போன்ல உன் சாவுக்கு நீயே பதில் சொல்லிக்கினு இருக்க."

அந்தத் திட்டத்தில் என் சட்டைக்கு ஒரு பங்கு இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"செத்தவன்னு போட்டாத்தான் வருவேன்னு நெனச்சியா?"

"எட்டு வருசமா எனக்கு நீ உசுரோடயாடா இருந்த? தீபாளிக்குத் தீபாளி போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சிது. எந்தப் பேனர்ல போட்டேன் அத?"

மைத்துனர் தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. என் மனைவி அவர் பக்கத்தில் போகவும் இல்லை, தொடவும் இல்லை. இட்லி டப்பாவை எடுத்துத் தம்பி மனைவியிடம் கொடுத்து, "காலைலேந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்டான். தட்டுல போட்டுக் குடு," என்றாள். அந்தப் பெண் டப்பாவை வாங்கிக்கொண்டு, ஒரு நிமிடம் தயங்கி, "உள்ள வாங்க அண்ணி," என்றார்.

அதற்குள் சம்மந்தி மறுபடி கூப்பிட்டார். ஆள் இருக்கிறார், பேசுங்கள் என்று போனை மைத்துனரிடம் கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கேங்க," என்று மட்டும் சொன்னார். சம்மந்திக்கு நிம்மதிதான், ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பேனரை வெறுமனே இறக்கினால், சாவை மறைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். அதே இடத்தில் அதே ஆளை உயிரோடு காட்ட வேண்டும். தவறான ஆணையை ரத்து செய்தால் மட்டும் போதாது, திருத்திய ஆணை வெளியிட வேண்டும் என்பது எனக்கும் தெரிந்ததே.

"அப்ப என் மூஞ்சி திரும்ப வரணுமா அதுல?" என்றார் மைத்துனர்.

"நீங்க சம்மதிச்சாத்தான்," என்றேன்.

"வர்றேன்னு நான் இன்னும் சொல்லல மாமா."

"சொல்லலை. புரியுது."

ஆனாலும் எழுந்து போய் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சுவர் ஓரம் நிற்க வைத்து போனில் படம் எடுத்தேன். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு பக்கம் அவர், இட்லித் தட்டோடு. இன்னொரு பக்கம் என் மனைவி. பழைய மைத்துனர் இருந்த இடத்தில் புதியவரை வைத்து அளவு சரிசெய்து பார்த்தேன். எட்டு ஆண்டுக்கு முந்தைய எல்லைக்குள் இந்த ஆள் அடங்கவே இல்லை. நெற்றி மேலே ஏறியிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியபோது காதோரம் முழுக்க நரை. இத்தனையும் எப்போது நடந்தது என்று எனக்குத் திக்கென்றது. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். திரையிலிருந்து கண்ணை எடுத்து நேரே அவர் காதைப் பார்த்தாள்.

ஃபெதர் பூஜ்யம் கொடுத்து, புள்ளி புள்ளியாக நடந்து எல்லை போட்டேன். கீழ் வரிசைக்கு இறக்கி, முதல் ஆளாக, மற்றவர்களைவிடப் பெரிதாக வைத்தேன். சுற்றி விரல் தடிமனில் வெள்ளைக் கோடு. எத்தனையோ பேனரில் நான் பழித்த அத்தனையும் அதில் இருந்தன.

"இப்பதான் மாமா உயிரோட இருக்கற மாதிரி இருக்குது," என்றார் மைத்துனர்.

பார்க்கச் சகிக்கவில்லை. காதின் விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"மச்சான், ஒரே ஒரு பிக்சல் ஃபெதர் போட்டுக்கட்டுமா? பெரிசாக்கின பிறகுதான் போடறேன். முறைப்படி."

அவர் இட்லியை மென்றுகொண்டே யோசித்தார். "ஒண்ணு போட்டா உசுருக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆகாது."

"ஒண்ணு போட்டுக்கட்டும்டா," என்றாள் அக்கா.

"ஒண்ணுதான். ரெண்டாச்சுன்னா நான் வர மாட்டேன்."

அவர் சொன்னது அவள் காதிலும் என் காதிலும் விழுந்தது. நான் ஒன்று என்று தட்டி, அவருக்கே திரையைத் திருப்பிக் காட்டினேன். கோப்பை அச்சுக் கடைக்கு அனுப்பினேன். "நாலு மணி பஸ்ல போட்டு உட்றேன் சார், டிரைவர்கிட்ட வாங்கிக்குங்க," என்று அந்தப் பெண் பதில் அனுப்பினாள். கூடவே, இந்த முறை கட்டிங் சரியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள்.

மைத்துனர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "முகூர்த்தம் எத்தினி மணிக்கு?" என்றார். அவர் பத்திரிகையைப் பிரித்துப் படித்திருக்கவில்லை.

"ஆறுலேந்து ஏழரைக்குள்ள," என்றாள் என் மனைவி.

அவர் போனை எடுத்துப் பூக்கடைக்கு அடித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நான்தான் பேசறேன், மினி வேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"யோவ், நான்தான்யா. இருக்கேன்."

"ஐயய்யோ," என்றது அந்தக் குரல். "காலைல உங்க வீட்டுக்குன்னு ஏழு மாலை கட்டிக் குடுத்தனே."

"நல்லாத்தான் கட்டியிருந்த. இப்ப ஜல்தியா எழுதிக்க. ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிக்கு ரெண்டு கல்யாண மாலை வேணும். ரோசா. தடியா இருக்கணும்."

"எழுதிக்கறேங்க. யாரு பேர்ல எழுதறது?"

மைத்துனர் அக்காவைப் பார்த்தார்.

"தாய்மாமன்னு எழுதிக்க," என்றார்.